உங்களுக்குத் தெரியுமா? மஜ்ஜையோடு வரும் டி செல்கள்

ரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்றதும் எல்லோரும் ஸ்டெம் செல்லைப் பற்றியே பேசுகிறோம். அதே பையில் கூடவே வந்து சேரும் கொடையாளரின் நோய் எதிர்ப்பு செல்கள் பேச்சில் அடிபடுவதே இல்லை. நோய் தீர்வதற்கும், தீர்ந்த பிறகு நோயாளி படும் பாட்டுக்கும் பெரிய காரணம் அவைதான். இந்த இதழின் துணுக்குகள் முழுக்க அவற்றைப் பற்றி.

★ மஜ்ஜை மாற்று என்ற பெயரைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். நோயாளியைப் பொறுத்தவரை இதில் கத்தியே இல்லை. ரத்தம் ஏற்றுவது போல ஒரு பையிலிருந்து நரம்பு வழியாக ஏறும். ரத்தத்தில் கலந்த ஸ்டெம் செல்கள், மஜ்ஜை வெளியிடும் வேதிச் சைகையைப் பின்பற்றித் தாமாகவே எலும்புக்குள் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு மூன்று வாரங்களில் புது ரத்தம் உருவாகத் தொடங்கும்.

★ அந்தப் பையில் ஸ்டெம் செல்கள் சிறுபான்மைதான். கொடையாளரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பை என்றால், ஸ்டெம் செல்களைவிடப் பல பத்து மடங்கு டி செல்கள் இருக்கும். வைரஸ் புகுந்த செல்லையும் அந்நியமான செல்லையும் தேடிக் கொல்லும் வெள்ளணுக்கள் இவை. புது உடலுக்குள் நுழைந்ததும் அவற்றின் கண்ணுக்கு நோயாளியின் உடலே அந்நியம்.

★ இந்த இருமுகத்தை முதலில் காட்டியவை எலிகள். 1956இல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் பார்ன்ஸ், லூட்டிட் குழுவினர் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, பிறகு மஜ்ஜை ஏற்றினார்கள். சொந்த இன எலியின் மஜ்ஜையைப் பெற்றவை லுகேமியா திரும்பி வந்து செத்தன. வேற்றின எலியின் மஜ்ஜையைப் பெற்றவற்றில் லுகேமியா அடங்கியது; ஆனால் அவை வயிற்றுப்போக்கு கண்டு, மெலிந்து செத்தன. வேற்று மஜ்ஜைக்குப் புற்றுநோயை அழிக்கும் சக்தி இருக்கலாம் என்று அவர்கள் அப்போதே எழுதி வைத்தார்கள். அடுத்த அறுபது ஆண்டு மருத்துவ ஆராய்ச்சி, அந்த எலிகளைக் கொன்றதை விலக்கிவிட்டுக் காப்பாற்றியதை மட்டும் வைத்துக்கொள்ளும் முயற்சி என்றே சொல்வேன்.

★ ஒரே கருவில் பிறந்த இரட்டையரின் மஜ்ஜைதான் மிகப் பொருத்தம், இல்லையா? 1959இல் அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ், லுகேமியா நோயாளிகளுக்குக் கடும் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு இரட்டையரின் மஜ்ஜையை ஏற்றினார். மஜ்ஜை அழகாகப் பிடித்துக்கொண்டது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. சில மாதங்களில் லுகேமியா திரும்பி வந்துவிட்டது. முழுப் பொருத்தம் புற்றுநோய்க்கும் வசதியாகிவிடும் என்பது அப்போது யாருக்கும் புரியவில்லை.

★ 1963இல் பாரிஸில் ஜார்ஜ் மத்தே, லுகேமியா நோயாளி ஒருவருக்கு உறவினர் பலரின் மஜ்ஜையைச் சேர்த்து ஏற்றினார். அவர்களில் ஒருவருடையது மட்டும் நிலைத்தது. நோயாளி சுமார் 20 மாதம் உயிரோடு இருந்தார். கொடையாளர் செல்களின் தாக்குதலை மனித உடலில் தெளிவாக விவரித்த முதல் சிலரில் மத்தேயும் ஒருவர்.

★ கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்குவதை டாக்டர்கள் ஜி.வி.எச்.டி. என்பார்கள். இது வர மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று 1966இல் ரூபர்ட் பில்லிங்ஹாம் வகுத்தார். ஏற்றப்படும் திசுவில் சண்டையிடத் தெரிந்த செல்கள் இருக்க வேண்டும். நோயாளியிடம் கொடையாளருக்கு இல்லாத அடையாளப் புரதங்கள் இருக்க வேண்டும். வந்தவர்களைத் துரத்தும் வலு நோயாளியின் உடலுக்கு இல்லாமல் போயிருக்க வேண்டும். இன்றைய தடுப்பு முறைகளில் பெரும்பாலானவை முதல் நிபந்தனையைக் குறிவைப்பவை.

★ முதல் சில மாதங்களில் வரும் ஜி.வி.எச்.டி. தோல், குடல், கல்லீரல் மூன்றையும் பிடிக்கும்: உள்ளங்கையில் சிவப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை. நாள்பட்ட வகை கண்ணை வறளச் செய்யும், வாயைப் புண்ணாக்கும், தோலை இறுக்கும், நுரையீரலின் நுண்காற்றுக்குழாய்களைச் சுருக்கும். புற்றுநோய் போய்விட்டது என்று வீட்டார் நிம்மதியடைந்த பிறகு வந்து ஆண்டுக்கணக்கில் படுத்துவது இது.

★ 1977இல் தாமஸின் சியாட்டில் குழு ஒரு கணக்கை வெளியிட்டது. வேறு எந்த வைத்தியத்துக்கும் அடங்காத லுகேமியாவோடு வந்த 100 பேருக்கு மஜ்ஜை மாற்று செய்ததில் 13 பேர் நோயின்றி நீண்ட நாள் வாழ்ந்தார்கள். இன்றைக்கு 13 சின்ன எண்ணாகத் தெரியலாம். அந்த 100 பேரும் கைவிடப்பட்டவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

★ அதே சியாட்டிலில் 1979இல், 242 நோயாளிகளின் விவரங்களை வைடனும் சகாக்களும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜி.வி.எச்.டி. வந்து அவதிப்பட்டவர்களிடம் லுகேமியா திரும்புவது, அது வராதவர்களைவிட இரண்டரை மடங்கு குறைவாக இருந்தது. நோயாளியின் தோலைத் தாக்கிய அதே டி செல்கள், ஒளிந்திருந்த லுகேமியா செல்களையும் விட்டுவைக்கவில்லை.

ஆனாலும் 1980களில் பல மருத்துவமனைகள் வேறு வழியில் போயின. ஜி.வி.எச்.டி.க்குக் காரணம் டி செல் என்றால், அதை வடிகட்டிவிட்டு ஏற்றினால் என்ன? நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. ஜி.வி.எச்.டி. உண்மையிலேயே சரிந்தது. கூடவே இரண்டு கெடுதல்கள் வந்தன. ஏற்றிய மஜ்ஜை பிடிக்காமல் போவது அதிகரித்தது; கொடையாளரின் டி செல்கள் நோயாளியின் மிச்சமிருக்கும் எதிர்ப்பு செல்களை அடக்கி ஸ்டெம் செல்லுக்கு இடம் பிடித்துக் கொடுத்து வந்தது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது, புற்றுநோய் திரும்பி வந்தது. 1990இல் மேரி ஹாரோவிட்ஸ் தலைமையில் 2,254 நோயாளிகளின் தரவுகளை அலசியபோது, நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில் டி செல் நீக்கிய மஜ்ஜையைப் பெற்றவர்களிடம் நோய் பல மடங்கு அதிகமாகத் திரும்பியிருந்தது தெளிவானது. அதுவரை சிகிச்சையின் பக்கவிளைவாகக் கருதப்பட்ட செல்லைச் சிகிச்சையின் பாதியாகப் பார்க்கத் தொடங்கியது இந்த ஆய்வுக்குப் பிறகுதான்.

★ கதிர்வீச்சும் இல்லை, புது மஜ்ஜையும் இல்லை. வெறும் வெள்ளணுக்களை ஏற்றியே லுகேமியாவை அடக்கலாமா? 1990இல் ஜெர்மனியின் மியூனிக்கில் ஹான்ஸ்-யோகெம் கோல்ப் செய்து காட்டினார். மஜ்ஜை மாற்றுக்குப் பிறகும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா திரும்பிய மூன்று பேருக்கு, அவரவர் கொடையாளரின் வெள்ளணுக்களை இன்டர்ஃபெரான் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார். மூவரிடமும் நோய் மறைந்தது. இன்று இது உலகெங்கும் உள்ள வைத்தியம். கொஞ்சமாகத் தொடங்கிப் படிப்படியாக எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். வேகமாகப் பெருகும் கடும் லுகேமியாவில் இதன் பலன் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

★ கூடப் பிறந்த ஒருவர் முழுப் பொருத்தமாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோரோ பிள்ளையோ எப்போதும் பாதிப் பொருத்தம். முன்பெல்லாம் பாதிப் பொருத்தத்தில் செய்வது கிட்டத்தட்ட உயிரோடு விளையாடுவது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லுஸ்னிக், ஃபுக்ஸ் குழுவினர் அந்த நிலையை மாற்றினார்கள். மஜ்ஜை ஏற்றிய 3ஆம் நாளும் 4ஆம் நாளும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற பழைய, மலிவான புற்றுநோய் மருந்தைக் கொடுப்பதுதான் அவர்கள் முறை. நோயாளியின் உடலைக் கண்டு வெறிகொண்ட டி செல்கள் அந்த இரண்டு நாளில்தான் மளமளவெனப் பெருகிக்கொண்டிருக்கும். பெருகும் செல்லை இந்த மருந்து கொல்லும். ஸ்டெம் செல்லிடம் மருந்தை முறிக்கும் நொதி நிறைய இருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். சாதுவாக இருக்கும் டி செல்களும் பெரும்பாலும் தப்பிவிடும்.

அப்பாவின் மஜ்ஜை மகளுக்கும், மகனுடையது அம்மாவுக்கும் இன்று சாதாரணமாகப் போய்ச் சேருவதற்கு இந்த மருந்து ஒரு முக்கியக் காரணம். பொருத்தமான கொடையாளர் இருப்பவர்களுக்கும் இதே முறை உதவுகிறது என்று 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கடும் ஜி.வி.எச்.டி.யும் நோய் திரும்புதலும் இல்லாமல் ஓராண்டைக் கடந்தவர்கள் பழைய மருந்துகளில் 34.9 சதவீதம், இந்த முறையில் 52.7 சதவீதம். விலை உயர்ந்த புது மருந்து எதுவும் இல்லாமல் கிடைத்த முன்னேற்றம் என்பதால் நம் நாட்டு நோயாளிகளுக்கு இது இரட்டிப்பு மகிழ்ச்சி.

★ பெண்ணின் மஜ்ஜை ஆணுக்குப் போனால் நாள்பட்ட ஜி.வி.எச்.டி. அதிகம், புற்றுநோய் திரும்புவது குறைவு. ஆணின் ஒய் குரோமோசோம் உருவாக்கும் புரதங்களைப் பெண்ணின் டி செல்கள் அந்நியமாகப் பார்ப்பதே காரணம். ஆண் குழந்தையைச் சுமந்த தாயின் உடலுக்கு அந்தப் புரதங்களோடு முன்பே அறிமுகம் ஏற்பட்டிருக்கும்.

★ டி செல் மட்டும்தான் சண்டை போடுமா? என்.கே. செல் என்று இன்னொன்று உண்டு. தனக்குப் பழக்கமான அடையாளம் எதிரே இருக்கும் செல்லில் இல்லையென்றால் அதைக் கொல்வது இதன் சுபாவம். 2002இல் இத்தாலியின் பெருஜியா நகரில் ருகேரி, வெலார்டி குழுவினர், பாதிப் பொருத்தக் கொடையாளரின் என்.கே. செல்கள் மைலாய்டு லுகேமியாவைத் திரும்ப விடாமல் அடிப்பதையும், அப்படியும் ஜி.வி.எச்.டி.யைத் தூண்டாததையும் காட்டினார்கள். மாற்று சிகிச்சைக்குப் பிறகு டி செல்லுக்கு முன்பே தலைதூக்குவதும் இதுதான். சில வாரங்களிலேயே வந்துவிடும்.

★ புற்றுநோயும் சும்மா இருப்பதில்லை. பாதிப் பொருத்த சிகிச்சையில், கொடையாளர் செல்கள் குறிவைப்பது நோயாளியிடம் இருக்கும் பொருந்தாத பாதி அடையாளத்தை. 2009இல் மிலான் நகர மருத்துவர்கள் கண்டது: சிலரிடம் திரும்பி வந்த லுகேமியா, 6ஆம் குரோமோசோமில் அந்த அடையாளம் இருக்கும் பகுதியையே கழற்றி எறிந்துவிட்டு, பொருந்தும் பாதியை இரண்டு பிரதியாக வைத்துக்கொண்டிருந்தது. கொடையாளர் செல்களுக்கு இனி அது தெரியாது. இந்த நிலையில் அதே கொடையாளரின் வெள்ளணுக்களை மறுபடி ஏற்றி அதிகப் பயனில்லை. பொருந்தாத பாதி வேறாக இருக்கும் இன்னொரு உறவினரைத் தேடுவார்கள்.

★ இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையா, ஊசி போட்டு ரத்தத்துக்கு வரவழைத்துப் பிரித்த ஸ்டெம் செல்லா? இரண்டாவதில் டி செல்கள் சுமார் பத்து மடங்கு அதிகம். 2012இல் 551 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஒப்பீட்டில் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை. ரத்தவழி முறையில் 53 சதவீதம் பேருக்கு நாள்பட்ட ஜி.வி.எச்.டி.; மஜ்ஜையில் 41 சதவீதம். ஏற்றியது பிடிக்காமல் போனது முறையே 3 சதவீதம், 9 சதவீதம்.

★ தலசீமியா, அப்லாஸ்டிக் அனீமியா போன்றவற்றில் அழிக்க வேண்டிய புற்றுநோயே கிடையாது. அங்கே கொடையாளர் செல்களின் தாக்குதலால் நோயாளிக்கு எள்ளளவும் லாபமில்லை. அதனால் இந்த நோய்களில் டாக்டர்கள் டி செல் குறைவான மஜ்ஜையையே விரும்புவார்கள். தலசீமியாவில் ரத்தம் முழுக்கக் கொடையாளருடையதாக மாற வேண்டியதும் இல்லை; ஒரு பகுதி நிலைத்தாலே ரத்தம் ஏற்றாமல் வாழ முடிகிறது. 1986இல் மஜ்ஜை மாற்று தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, தலசீமியா குழந்தைகளுக்கான இந்தச் சிகிச்சையில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று.

★ முயலும் இந்தக் கதையில் உண்டு. மனித டி செல்லை முயலுக்குச் செலுத்தி, அதன் உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்து, மாற்று சிகிச்சைக்கு முந்தைய நாட்களில் நோயாளிக்குக் கொடுப்பார்கள். கொடையாளரின் டி செல்கள் வந்து இறங்கும்போது அந்தப் புரதம் காத்திருக்கும். 2016இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இது நாள்பட்ட ஜி.வி.எச்.டி.யை 68.7 சதவீதத்திலிருந்து 32.2 சதவீதமாகக் குறைத்தது.

★ இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் எச்சரிக்கை. ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றால் அண்ணன் தம்பி ஓடி வந்து கொடுப்பதுதான் நம் வழக்கம். நெருங்கிய உறவினரின் ரத்தத்தில் இருக்கும் டி செல்களை, அடையாளம் பாதி ஒத்துப்போவதால், நோயாளியின் உடல் விரட்டாமல் விட்டுவிட வாய்ப்புண்டு. விட்டால் அவை பெருகி உடலைத் தாக்கும். மஜ்ஜையையும் சேர்த்து அழிக்கும். அரிதுதான். வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை. ஜப்பானில் இதய அறுவைக்குப் பிறகு உடலெங்கும் சிவந்து இறந்துபோன நோயாளிகளின் மர்மம், உறவினரிடமிருந்து எடுத்த புது ரத்தத்தில் போய் முடிந்தது. இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு: ரத்த வங்கியில் 25 கிரே கதிர்வீச்சு கொடுத்து டி செல்களைப் பெருகவிடாமல் செய்த ரத்தம், அல்லது உறவல்லாதவர் ரத்தம். உறவினர் ரத்தம்தான் ஏற்றுகிறார்கள் என்றால், கதிர்வீச்சு கொடுத்தாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள்.

★ தொப்புள்கொடி ரத்தத்தின் டி செல்கள் உலகத்தையே பார்க்காதவை. அதனால் பொருத்தம் கொஞ்சம் குறைந்தாலும் பொறுத்துப்போகும். 1988இல் பாரிஸில் எலியான் க்ளக்மன், ஃபான்கோனி அனீமியா உள்ள ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றியதுதான் தொடக்கம்.

★ மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு ரத்த வகை கொடையாளருடையதாக மாறிவிடும். கொடையாளருக்கு இருந்த உணவு ஒவ்வாமைகூடச் சில சமயம் தொற்றிக்கொள்ளும். நல்லதும் கூட வரும்: ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாளாகச் சுமந்த சில நோயாளிகளின் உடலிலிருந்து, அதற்கு எதிர்ப்பு பெற்ற கொடையாளரின் செல்கள் கிருமியைத் துடைத்ததை ஹாங்காங் மருத்துவர்கள் 1990களில் பதிவு செய்தார்கள். நோயாளி சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனோ கரைந்துவிடும். குழந்தைக்குப் போல எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காத்திருப்பு.

★ எதிர்ப்பு சக்தி படுத்துவிட்ட அந்த இடைவெளியில் எப்ஸ்டைன்-பார் வைரஸ் சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோயை உண்டாக்கும். 1994இல் நியூயார்க்கில் அப்படித் தவித்த ஐந்து பேருக்குக் கொடையாளரின் வெள்ளணுக்களைக் கொடுத்தபோது ஐவரின் கட்டிகளும் கரைந்தன. வைரஸைத் தேடிக் கொல்லும் டி செல்களை மட்டும் ஆய்வகத்தில் வளர்த்துக் கொடுக்கும் மருந்து ஒன்றுக்கு 2022இல் ஐரோப்பா அனுமதி வழங்கியது.

★ குடலில் வாழும் பாக்டீரியாவுக்கும் இதில் பங்குண்டு. நியூயார்க், டர்ஹம், ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க், ஜப்பானின் சப்போரோ ஆகிய நான்கு இடங்களில் 1,362 நோயாளிகளின் மலத்தைப் பரிசோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்வு: பாக்டீரியா வகைகள் குறைந்துபோனவர்களிடம் இறப்பு அதிகம்.

★ டி செல்களிலேயே சண்டையை அடக்கும் வகை ஒன்று உண்டு. முதலில் அதை ஏற்றி, சில நாள் கழித்துச் சண்டைக்கார டி செல்களை ஏற்றினார்கள் பெருஜியா மருத்துவர்கள். 2011இல் அவர்கள் வெளியிட்டபடி, பாதிப் பொருத்தத்தில், வேறு தடுப்பு மருந்தே இல்லாமல், 28 பேரில் மிகச் சிலருக்குத்தான் கடும் ஜி.வி.எச்.டி. வந்தது.

★ மஜ்ஜை மாற்றால் எச்.ஐ.வி. நீங்கிய முதல் மனிதர் டிமோத்தி ரே பிரவுன். பெர்லினில் அவருக்குக் கொடையாளராக அமைந்தவரின் செல்களில் எச்.ஐ.வி. நுழையும் வாசல் ஒரு மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே அடைபட்டிருந்தது. எல்லாப் பெருமையும் அந்த மரபணுவுக்கே போனது. 2023இல் அறிவிக்கப்பட்ட ஜெனீவா நோயாளியின் கொடையாளருக்கு அந்த மரபணு மாற்றம் கிடையாது. அப்படியிருந்தும் 2021இல் மருந்தை நிறுத்திய பிறகு வைரஸ் தலைகாட்டவில்லை. வைரஸ் ஒளிந்திருந்த பழைய செல்களைக் கொடையாளரின் எதிர்ப்பு செல்கள் அழித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

★ இளைஞர்களின் ஸ்டெம் செல்லுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? மாற்று முடிந்து 9 முதல் 31 ஆண்டு கழிந்த பத்து ஜோடி உடன்பிறப்புகளின் ரத்தத்தை ஆராய்ந்து 2024இல் வந்த ஆய்வு விடை தருகிறது. 18 முதல் 47 வயதில் கொடுத்தவர்களிடமிருந்து 5,000 முதல் 30,000 ஸ்டெம் செல்கள் நிலைத்து வேலை செய்துகொண்டிருந்தன. 50 வயது தாண்டியவர்களிடமிருந்து அதில் பத்தில் ஒரு பங்குதான்.

★ உறவில் யாரும் பொருந்தாதவர்களுக்குக் கொடையாளர் பதிவேடுதான் கதி. 2009இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி அப்படி ஒன்று. பதிய, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். பொருந்திவிட்டால், பெரும்பாலும் நான்கைந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, கையிலிருந்து ரத்தத்தை எந்திரத்தில் சுற்றவிட்டு ஸ்டெம் செல்லைப் பிரிப்பார்கள். கொடுத்தவர்களில் சிலருக்கு மாதங்கள் கழித்து இரண்டாவது முறையும் அழைப்பு வரும். தன் செல்கள் வீணாகிவிட்டன என்று அப்போது வருந்த வேண்டாம். நோயாளியின் உடலில் லுகேமியா மறுபடி எட்டிப் பார்த்திருக்கும்; டாக்டர்களுக்கு இம்முறை தேவை ஸ்டெம் செல் அல்ல, அதே கொடையாளரின் டி செல்கள். அதற்கு முன்கூட்டியே ஊசி போடும் வேலைகூட இல்லை. சில மணி நேரம் எந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம்.